தாரா, சிமென்டா, ஸ்லாப்பா: ராமநாதபுரம் கடற்கரைச் சாலைக்கு எது சரி?

பாம்பன் தீவிலும் எதிர்க்கரையிலும் உள்ள மீனவ ஊர்களில், தை பிறந்து ஊர்க் கமிட்டி கூடினால் முதலில் எழும் பேச்சு சாலையைப் பற்றித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த இடம் பெயர்ந்தது, எந்தப் பள்ளத்தில் மீன் வண்டி சாய்ந்தது, யார் வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது என்று பட்டியல் நீளும். இதுவரை அந்தப் பேச்சில் இரண்டு கட்சிகள்தாம் இருந்தன. ஒன்று தார் போடச் சொல்லும். மற்றது சிமென்ட் போடச் சொல்லும். பேவர் பிளாக் வந்த பிறகு அதற்கும் ஆதரவாளர்கள் சேர்ந்தார்கள். இப்போது நான்காவதாக ஒன்று அடிபடுகிறது: பிரீகாஸ்ட் ஸ்லாப். தொழிற்கூடத்தில் வார்த்து, முற்றவைத்து, லாரியில் கொண்டுவந்து கிரேனால் இறக்கிப் பொருத்தும் கான்கிரீட் பலகைகள். வடிகால் மூடியாகவும் சிறுபாலப் பெட்டியாகவும் நாம் ஏற்கெனவே பார்த்த பொருள்தான். அதையே சாலையாக விரிப்பது மட்டும்தான் நமக்குப் புதிது.

பொதுவாகப் பேசினால் நான்குமே நல்லவையாகத் தெரியும். ஆகவே ஒரு சாலையை முன்னால் வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கரையில் இப்படிப்பட்ட ஊர்கள் பல. நெடுஞ்சாலையிலிருந்து மீன் இறங்குதளம் வரை 600 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம். முதல் பாதி வீடுகளுக்கு நடுவே போகிறது. நடுவில் ஒரு 60 மீட்டர் தாழ்வு; மழை பெய்தாலும் தண்ணீர் நிற்கும், கடல் ஏறும் நாட்களிலும் கசியும். அதற்கப்புறம் கரை வரைக்கும் வெறும் மணல். ஐஸ் லாரி, மீன் வேன், ஷேர் ஆட்டோ, பள்ளி வேன் எல்லாம் இதில்தான் போகவேண்டும். மாற்றுப் பாதை கிடையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த 600 மீட்டர் முழுவதற்கும் ஸ்லாப் போடுவது வீண் செலவு. ஆனால் மாவட்டத்தில் ஒரு கிடங்கிலாவது தயாரான ஸ்லாப் இருப்பு இல்லாமல் ஒவ்வொரு மழைக்காலத்தையும் எதிர்கொள்வது அதைவிடப் பெரிய வீண். ஸ்லாப் ஓர் ஊருக்கான சாலை அல்ல. ஒரு மாவட்டத்துக்கான பழுதுபார்ப்புச் சரக்கு.

இந்த முறை எங்கெல்லாம் ஓடியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் பாதி விளங்கும். சோவியத் நாட்டில் விமான ஓடுதளங்களுக்காக 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் முன்னழுத்தக் கான்கிரீட் பலகைகளை, அதாவது உள்ளே எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி இறுக்கிய பலகைகளை, வார்த்தார்கள். பி.ஏ.ஜி.-14 என்ற வகை 14 சென்டிமீட்டர் தடிமன், பி.ஏ.ஜி.-18 என்பது 18 சென்டிமீட்டர். அவையே பின்னர் மேற்குச் சைபீரிய எண்ணெய் வயல்களில், சேற்று நிலத்தின் மேல் சாலைகளாயின. அங்கே அவற்றுக்கு இருந்த மதிப்பு அழகுக்காகவோ ஆயுளுக்காகவோ அல்ல. வேலை முடிந்ததும் பெயர்த்தெடுத்து அடுத்த இடத்தில் போடலாம் என்பதற்காக. அமெரிக்காவில் கதை வேறு. நியூயார்க் மாநிலத்தில் டாப்பன் ஸீ பாலத்துச் சுங்கச்சாவடியில் 2001-02-இல் ஸ்லாப் போட்டார்கள். இரவில் தடத்தை மூடிப் பழையதை எடுத்துப் புதியதை வைத்துக் காலையில் திறந்துவிடுவதுதான் முறை. டெக்சஸில் ஜார்ஜ்டவுன் அருகே ஐ-35 நெடுஞ்சாலையின் பக்கச் சாலையிலும் அதே காலத்தில் முன்னழுத்தப் பலகைகளைச் சோதித்தார்கள். அப்படிப்பட்ட பெருஞ்சாலையில் ஒரு தடத்தை ஒரு நாள் மூடினால் ஆகும் நஷ்டம், ஸ்லாப்பின் கூடுதல் விலையை விழுங்கிவிடும். அதனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

நமக்குப் பக்கத்தில் பார்த்த அனுபவம் பெங்களூருவில். 2022 இறுதியில் அங்கே பழைய மெட்ராஸ் சாலையில் சில நூறு மீட்டருக்கு ‘ரேபிட் ரோடு’ என்று முன்னழுத்தப் பலகைகளை விரித்தார்கள். வேகமாகத்தான் முடிந்தது. சில வாரங்களிலேயே விரிசல் செய்தியும் நாளிதழ்களில் வந்தது. பழைய தார்ச் சாலையின் மேல் சிமென்ட் கான்கிரீட் போடும் ஒயிட் டாப்பிங்கைவிடச் செலவு அதிகம் என்ற பேச்சும் கூடவே எழுந்தது. அதை வைத்து இந்த முறையே மோசம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நல்ல பலகை இருந்தால் நல்ல சாலை வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அது போதுமான பதில்.

நேரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

ஸ்லாப்பின் பெரிய பலம் நேரம். அந்த இடத்திலேயே வார்க்கும் சிமென்ட் சாலையை 14 நாளாவது நனைத்து வைக்க வேண்டும். லாரியை ஏற்ற 28 நாள் பொறுப்பதுதான் வழக்கம். ஸ்லாப் என்றால் காலையில் வைத்த துண்டில் மாலையில் வண்டி போகலாம். இறங்குதளத்துச் சாலைக்கு இது சின்ன விஷயம் அல்ல. நண்டும் கணவாயும் கரையேறும் நேரத்தில் ஐஸ் வண்டி வாசலில் நிற்கவேண்டும். 600 மீட்டர் மணலில் தலைச்சுமையாகப் பெட்டியைத் தூக்கிப் போனால், வெயிலில் உருகும் ஐஸுக்கும் இறங்கும் விலைக்கும் யார் ஈடு தருவது? வியாபாரி இரண்டு நாள் பார்ப்பார். மூன்றாம் நாள் அடுத்த ஊர்க் கரைக்குப் போய்விடுவார்.

ஆனால் இந்தக் கரைக்கு ஒரு வசதி இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ‘கடலுக்கே இரண்டு மாதம் விடுமுறை விடுகிறோம், சாலைக்கு ஒரு மாதம் விட முடியாதா, தம்பி?’ என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நான் படித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு நேரான வாதம் கிடையாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் போக்குவரத்து முற்றிலும் நிற்காது. ஆனாலும் பெரிய ஐஸ் லாரிகள் குறைந்துவிடும். வேலைக்கு ஆணை மட்டும் பங்குனிக்குள் கையில் கிடைத்தால், 28 நாள் என்ற தடை சிமென்ட் சாலைக்குத் தடையே அல்ல. ஸ்லாப்பின் முதன்மையான பலம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

மீதிப் பாதியைத் தண்ணீர் காப்பாற்றுகிறது. சாலையைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் யாரும் தண்ணீர்க் கணக்குப் போடுவதில்லை. எஸ்டிமேட்டில் ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் கன மீட்டரில் இருக்கும், தண்ணீர் மட்டும் தானாக வந்துவிடும் என்பதுபோல. நம் 600 மீட்டருக்கே போட்டுப் பார்ப்போம். பரப்பு 2,250 சதுர மீட்டர். 20 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 450 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு ஏறத்தாழ 160 லிட்டர் வைத்தால் கலவைக்கு மட்டும் 72,000 லிட்டர். நனைப்பது தனி. சித்திரை, வைகாசி வெயிலிலும் காற்றிலும் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலே, இந்தப் பரப்புக்கு நாளொன்றுக்கு 13,500 லிட்டர். 14 நாளுக்கு 1,89,000 லிட்டர். இது ஆவியாகிப் போவது மட்டும். பாத்தி கட்டித் தேக்கினால் ஓரத்து மணல் குடிக்கும் தண்ணீர் இதில் சேரவில்லை.

இவ்வளவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். காவிரி கூட்டுக் குடிநீர் குடத்துக்கே போதாத மாதங்களில் யார் தருவார்கள்? தீவின் மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. ஆனால் அது உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும் மழைநீர். பெண்கள் சிரட்டையிலும் குடத்திலும் மொண்டால் நிற்கும், மோட்டார் வைத்து இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும். சாலைக்கு நனைக்கப் போய் ஊருணியைக் கெடுத்த கதையாகும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி கலவைத் தண்ணீரில் குளோரைடு, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமும், கம்பி இல்லாததற்கு 2,000 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. கடல் நீரில் இருப்பது ஏறத்தாழ 19,000. நாவில் வைத்தால் லேசாகக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரை, ‘பரவாயில்லை, சாலைதானே’ என்று மேஸ்திரி ஊற்றிவிடும் நாளில் யாரும் பரிசோதனைச் சீட்டுக் கேட்பதில்லை.

ஸ்லாப் என்றால் இந்தத் தண்ணீர்ச் செலவு முழுவதும் உள்நாட்டில், நல்ல தண்ணீர் இருக்கும் ஒரு வார்ப்புக் கூடத்தில் முடிந்துவிடும். நனைத்ததா இல்லையா என்பதை ஒருவர் ஓர் இடத்தில் நின்றே பார்க்கலாம். வெயிலில், கச்சான் காற்றில், பச்சைக் கான்கிரீட்டின் மேல்தோல் வெடிப்பது கிடையாது. என்னைப் பொறுத்தவரை, இந்தக் கரையில் ஸ்லாப்புக்கு இருக்கும் உண்மையான தகுதி வேகம் அல்ல, இதுதான். சிமென்ட் கட்சிக்கும் ஒரு பதில் உண்டு: மேலே தெளிக்கும் மெழுகுக் கலவை, ஈரச் சாக்கு, அதன் மேல் பாலிதீன் விரிப்பு. மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் தண்ணீர்த் தேவை பெருமளவு குறையும். ஒழுங்காக என்பதைத்தான் எஸ்டிமேட்டில் எழுத முடியவில்லை.

உப்பும் கம்பியும்

உப்பு கான்கிரீட்டைவிடக் கம்பியைத்தான் முதலில் தின்னும். பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்தால் மேலே உள்ள கான்கிரீட் பிளந்து உதிரும். கம்பியே இல்லாத கான்கிரீட்டுக்கு இந்த நோய் இல்லை.

கிராமச் சிமென்ட் சாலை பெரும்பாலும் கம்பி இல்லாததுதான். தரையில் கிடக்கும் பலகைக்கு அது தேவைப்படுவதில்லை. நாலு மீட்டருக்கு ஒரு வெட்டுப் போட்டுவிட்டால் விரிசல் அந்த வெட்டோடு நின்றுகொள்ளும். ஸ்லாப் அப்படி இருக்க முடியாது. அதைத் தூக்க வேண்டும், லாரியில் அடுக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். கிரேன் தூக்கும்போது தன் எடையிலேயே வளைந்து விரிசல் விடாதிருக்கக் கம்பி போட்டே ஆகவேண்டும். சாலையாக வாழும் காலம் முழுவதும் தேவைப்படாத கம்பி, பயணம் செய்யும் ஒரு நாளுக்காக உள்ளே போகிறது. அந்தக் கம்பியைத்தான் கடல் தேடி வரும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையாகவும், கடல் நீர்ச் சாரல் படும் இடத்தை அதைவிடக் கடுமையானதாகவும் பிரிக்கிறது. முதலாவதற்குக் குறைந்தது எம்-30 என்ற வலிமைத் தரத்துக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல். இரண்டாவதற்கு எம்-35, 50 மில்லிமீட்டர். நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது கசடு கலந்த சிமென்ட் குளோரைடை உள்ளே விடாமல் தடுப்பதில் சாதாரணச் சிமென்டைவிடக் கெட்டி. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கூடத்தில் வார்க்கும் பலகையில் இதையெல்லாம் கடைப்பிடிப்பது எளிது. எளிதல்லாத இடம் ஒன்று இருக்கிறது. தூக்குவதற்காக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியை, பலகையை இடத்தில் வைத்த பிறகு அறுத்துவிடுவார்கள். அறுத்த முனை பலகையின் மேற்பரப்போடு நின்றால், முதல் மழைக்காலத்திலேயே அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்புக் கறை படரும். ஒரு வருடத்தில் அந்த மூலை பொரிந்துவிடும். கொக்கி நிற்கும் இடத்தில் குழி விட்டே வார்த்து, அறுத்த பிறகு அந்தக் குழியைச் சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். பலகைகளை இணைக்கும் டவல் கம்பிக்கும் இதே கவலைதான். எபாக்சி பூசியது அல்லது ஜி.எஃப்.ஆர்.பி. எனப்படும் கண்ணாடி இழைக் கம்பி என்று எஸ்டிமேட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

படுக்கைதான் பாதி வேலை

பச்சைக் கான்கிரீட்டை ஊற்றினால் அது தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தானே படிந்துகொள்ளும். முற்றிய பலகை படியாது. அது மேடான இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உட்கார்ந்து, மற்ற இடத்தில் அந்தரத்தில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, மட்டம் அழகாகவே இருக்கும். ஐஸ் லாரியின் பின்சக்கரம் மூலையில் ஏறும்போது, கால் ஊன்றாத பெஞ்சைப்போல அது ஒரு நூல் ஆடும். மழைக்காலம் என்றால் அந்த ஆட்டத்தில் இணைப்பிலிருந்து சேறு கலந்த தண்ணீர் பீச்சியடிக்கும். பீச்சியடிப்பது தண்ணீர் மட்டும் அல்ல, கீழே இருக்கும் மணலும்தான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சிட்டிகை மணல். ஒரு பருவத்தில் பலகையின் மூலைக்குக் கீழே கை நுழையும் அளவுக்குப் பொந்து விழும். அப்புறம் விரிசலுக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி.

அதனால்தான் வெளிநாட்டு வேலைகளில் பலகையைத் திருகு வைத்து மட்டத்துக்கு உயர்த்தி, அடியில் கிரவுட் எனும் நீர்த்த சிமென்ட் கலவையைப் பாய்ச்சி இடைவெளியை நிரப்புகிறார்கள். நம் கரையில், அதுவும் மணலின் மேல், இதைத் தவிர்க்கவே முடியாது. முதலில் மணல் நகராமல் ஜியோ டெக்ஸ்டைல் விரிப்பு, அதன் மேல் சிமென்ட் கலந்து இறுக்கிய ஜல்லிப் படுகை, இரண்டு ஓரத்திலும் கடைக்கால் போலக் கெர்ப் எனும் ஓரக்கல், பிறகு பலகை, பிறகு கிரவுட், கடைசியில் இணைப்புகளுக்கு ரப்பர் போன்ற அடைப்பு. இந்த ஆறில் எதை விட்டாலும் ஸ்லாப்பைக் குறை சொல்லக் கூடாது. ஒப்பந்தக் கூட்டத்தில் ‘குவாரி டஸ்ட் பரப்பி மட்டப்பலகை போட்டு வைத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

எடையையும் நினைக்க வேண்டும். 3.75 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஒரு பலகை 1.5 கன மீட்டர். எடை மூன்றே முக்கால் டன். நம் சாலைக்கு 300 பலகை வேண்டும். டாரஸ் லாரியில் நான்கு, மிஞ்சினால் ஐந்துதான் ஏற்ற முடியும். 60 முதல் 75 நடை, ஊர் தீவில் இருந்தால் அத்தனையும் பாம்பன் சாலைப் பாலம் வழியாக. அதே அளவு எடை சிமென்ட் சாலைக்கும் ஜல்லியாகவும் மணலாகவும் வரத்தான் போகிறது, ஆனால் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போகலாம். பலகைக்கு ஹைட்ரா கிரேன் காத்து நிற்க வேண்டும். அந்தக் கிரேன் தயார் செய்த படுகையின் மேல் ஏறினால் படுகை போயிற்று. வைத்து முடித்த பலகைகளின் மேல் நின்றே முன்னால் வைத்துக்கொண்டு போகவேண்டும். வீடுகளுக்கு நடுவே, தலைக்கு மேல் தொங்கும் மின்கம்பிக்கும் கேபிளுக்கும் கீழே, அதன் கையைத் தூக்க இடம் இருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்தாலே முதல் பாதிச் சாலைக்கு ஸ்லாப் வேண்டாம் என்று புரிந்துவிடும்.

தாரும் பேவரும்

தாரைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. இருப்பதிலேயே மலிவு, போட்ட மறுநாள் ஓடலாம், எல்லா ஒப்பந்ததாரருக்கும் தெரிந்த வேலை. அதன் எதிரி உப்பு அல்ல, நிற்கும் தண்ணீர். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் பிடிப்பு விட்டுப்போகும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு மழைக்குப் பிறகு தாழ்வான இடத்துத் தார் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடான ஜல்லிக்குக் கழிவு பிளாஸ்டிக்கைப் பூசித் தார் கலந்தால் அந்தப் பிடிப்பு கூடும். அதற்காகவே 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தார் போடுவதென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் 60 மீட்டர் தாழ்வுக்கு அதுவும் போதாது. மேடான இடத்துக்குத் தார் தாராளம்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த ஒன்பதரை கிலோமீட்டர் சாலையைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். கடலுக்கு நடுவிலேயே தார் நிற்கிறதே என்று. நிற்கிறது, இருபுறமும் கொட்டிய கல்லின் புண்ணியத்தில். கடல் சீறும் நாட்களில் அலை அந்தக் கல்லைத்தான் முதலில் புரட்டுகிறது. மேற்பரப்பு எதுவாக இருந்தாலும் ஓரம் போனால் சாலை போகும். ஸ்லாப்புக்கும் அதே விதி; ஒரே வித்தியாசம், ஓரம் சரிந்த பிறகு பலகை முழுசாக மிஞ்சும், தூக்கிச் சீராக்கி மறுபடி வைக்கலாம். தார் துண்டு துண்டாகக் கடலுக்குப் போகும்.

பேவர் பிளாக்கை ஊர்த் தெருவுக்கு நான் மனதார ஆதரிக்கிறேன். காரணம் அதன் வலிமை அல்ல, குழாய். குடிநீர் இணைப்பு, வீட்டு இணைப்பு, கேபிள் என்று ஏதாவது ஒன்றுக்காகத் தெரு தோண்டப்படும். சிமென்ட் சாலையை வெட்டினால் அந்த வடு கடைசி வரை ஆறாது. பிளாக்கை நாலு ஆள் கையால் பிடுங்கி, குழாயைப் போட்டு, மறுபடி அடுக்கிவிடலாம். மழைத் தண்ணீரும் சந்துகள் வழியே ஓரளவு மணலுக்குள் இறங்கும். மணல் தரை உள்ள ஊருக்கு இது பெரிய உதவி. 80 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனை வண்டி ஓடும் தெருவில் ஏற்காதீர்கள். இறங்குதளத்து முனையில் மட்டும் பேவர் வேண்டாம். ஐஸ் தண்ணீரும் லாரி திரும்பும் சக்கரமும் சேர்ந்து சந்து மணலை உருவிவிடும்.

எதைப் போட்டாலும் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய சாலையின் மேலேயே அடுக்கடுக்காகப் போட்டு வீட்டு வாசலைப் பள்ளமாக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி, 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். ஸ்லாப் 20 சென்டிமீட்டர், படுகை அதற்கும் கீழே. தோண்டாமல் வைத்தால் இரண்டு பக்கமும் வீடுகள் குளமாகும்.

அச்சு யாருடையது?

விலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்லாப்பின் விலை கான்கிரீட்டில் இல்லை, அச்சில் இருக்கிறது. இரும்பு அச்சு, வார்ப்புக் களம், தூக்கும் கிரேன், பழகிய குழு எல்லாம் 300 பலகைக்கும் அதே செலவுதான், 3,000 பலகைக்கும் ஏறத்தாழ அதே செலவுதான். ஒரே ஊராட்சி தன் 600 மீட்டருக்காக இதையெல்லாம் ஏற்பாடு செய்தால், பணம் அச்சுக்கே போய்விடும். அடுத்த ஊருக்கு வேறு அளவு, வேறு ஒப்பந்ததாரர், வேறு அச்சு. இப்படித்தான் பல நல்ல முறைகள் ‘முயன்று பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை’ என்று கோப்பில் முடங்குகின்றன.

மாவட்ட அளவில் ஒரே அளவுப் பலகையை முடிவு செய்து, ராமநாதபுரத்துக்கும் பரமக்குடிக்கும் இடையே எங்காவது ஒரு களத்தில் ஆண்டு முழுவதும் வார்த்து அடுக்கி வைத்தால் கணக்கே மாறிவிடும். தேவிபட்டினத்தில் சிறுபாலத்தை ஒட்டி அரித்துப்போன பத்து மீட்டருக்கும், வாலிநோக்கத்தில் இறங்குதள முனைக்கும், பாம்பனில் சாலையைக் குறுக்கே வெட்டிய குழிக்கும் ஒரே இருப்பிலிருந்து எடுக்கலாம். ஐப்பசியில் பெயர்ந்த இடத்துக்குத் தை வரை காத்திருக்காமல், மழை விட்ட இரண்டாம் நாள் பலகை வரும். மழைக்காலத்தில் தார் போட முடியாது, சிமென்ட் வார்த்தாலும் நிற்காது. ஸ்லாப் ஒன்றுதான் அந்த மூன்று மாதத்தில் கைகொடுக்கும். ஊராட்சித் தலைவர்கள் தனித்தனியே ‘எங்கள் ஊருக்கு ஸ்லாப் சாலை’ என்று மனு எழுதுவதைவிட, ஒன்றியக் கூட்டத்தில் சேர்ந்து இந்த ஒரு களத்தைக் கேட்பது நல்லது.

இனி நம் 600 மீட்டருக்கு வருவோம். வீடுகளுக்கு நடுவே உள்ள முதல் 300 மீட்டருக்குப் பேவர் பிளாக், அதுவும் குடிநீர்க் குழாய் வேலை முடிந்த பிறகு. 60 மீட்டர் தாழ்வுக்குக் கம்பி இல்லாத சிமென்ட் சாலை; எம்-30-க்குக் குறையாமல், பி.பி.சி. சிமென்டில், தடைக்காலம் தொடங்கிய வாரத்திலேயே வார்த்து, சாக்கும் பாலிதீனும் போர்த்தி. அதன் கீழே ஒரு சிறுபாலப் பெட்டி இல்லாவிட்டால் அந்தச் சிமென்டும் வெறும் அணைக்கட்டுதான்; பெட்டி பிரீகாஸ்ட்டாக இருக்கட்டும். 60 மீட்டருக்கு வேண்டிய தண்ணீர் முழுச் சாலைக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான். டேங்கரில் வாங்கிவிடலாம், கிணற்றைத் தொட வேண்டாம். அடுத்த 200 மீட்டருக்கு, இரண்டு ஓரமும் கட்டிய பிறகு, பிளாஸ்டிக் கலந்த தார்.

மிஞ்சும் 40 மீட்டர் இறங்குதளத்து முனை. லாரி திரும்புவதும் நிற்பதும் அங்கேதான், ஐஸ் தண்ணீர் வழிவதும் அங்கேதான், தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகளுக்காகத் திறந்திருக்க வேண்டியதும் அதுதான். கிரேன் கையைத் தூக்கத் தடையாக மேலே ஒரு கம்பியும் கிடையாது. அதற்கு ஸ்லாப், 20 பலகை. மாவட்டக் களம் அமையும் வரை அந்த 20 பலகைக்காக அச்சு செய்ய வேண்டாம். அதுவரை அந்த இடம் வெட்மிக்ஸோடு, அதாவது நீர் கலந்து இறுக்கிய ஜல்லிப் படுகையோடு, கிடக்கட்டும், மழைக்கு மழை ஜல்லி போட்டு ரோலர் ஓட்டிக்கொள்ளலாம்.